பாறையைக் கரைக்கும், கொழுப்பைக் கரைக்காது

ராசிபுரத்தில் பெரியம்மா வீட்டு அடுப்படியில் ஒரு அலுமினியப் பாத்திரம் இருக்கிறது. வெந்நீர் வைப்பதற்கென்றே ஒதுக்கியது. வெளியே கரி அப்பியிருக்கும். உள்ளே சுண்ணாம்பு அடித்தது போல வெள்ளை. நகத்தால் சுரண்டினால் பொருக்குப் பொருக்காக உதிரும்.

காலையில் எழுந்ததும் அதில் அரை லிட்டர் போர் தண்ணீரைக் கொதிக்க வைத்து, சூடு பொறுக்கும் பதத்தில் எலுமிச்சம்பழம் பிழிந்து, ஒரு கரண்டி தேன் விட்டுக் குடிப்பார். எட்டு மாதமாக நடக்கிறது. "எண்ணெய்ச் சட்டியில வெந்நீ ஊத்துனா பிசுக்கு உடுதில்ல கண்ணு? வவுத்துக்குள்ளயும் அப்படித்தான்" என்பது அவர் விளக்கம். எடை குறைந்ததா என்று கேட்டால் மட்டும் பேச்சு மாறிவிடும்.

பெரியம்மாவைச் சொல்லிக் குற்றமில்லை. சேலத்தில் காலை நடைக்கு வருகிறவர்களின் கையிலும் இப்போது இரண்டு லிட்டர் பாட்டில்தான். "தண்ணி நிறையக் குடிங்க, உடம்பு கரையும்" என்பது டாக்டர் முதல் டீக்கடை வரை எல்லோரும் சொல்லும் வாசகம். அந்தக் "கரையும்" என்கிற சொல்தான் என்னைப் பிடித்து நிறுத்தியது. தண்ணீர் எதைக் கரைக்கிறது, எதைக் கரைக்கவில்லை என்பதற்கான சாட்சி அந்தப் பாத்திரத்தின் அடியிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது.

சேலம், நாமக்கல் சமவெளிக்கு அடியில் கடினப் பாறை. நாமக்கல் கோட்டையைத் தலையில் தாங்கி நிற்கும் பாறை, சங்ககிரி, திருச்செங்கோட்டு மலை எல்லாம் அது மண்ணுக்கு மேலே தலை நீட்டிய இடங்கள். சேர்வராயன் மலையின் சார்னோகைட் பாறைக்கு வயது சுமார் 250 கோடி ஆண்டு. ஆற்றுப் படுகை மணல் போல இந்தப் பாறை தண்ணீரை உறிஞ்சி வைக்காது. விரிசல்களில் மட்டும்தான் தண்ணீர் தங்கும். அந்த விரிசலைத் தேடித்தான் திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் ஆயிரம் அடிக்கு இறங்குகின்றன.

மழைத்தண்ணீர் வானத்திலிருந்து விழும்போது அதில் உப்பு என்று சொல்ல அதிகம் ஒன்றும் இல்லை. மண்ணுக்குள் இறங்கும்போது வேர்களும் நுண்ணுயிர்களும் விடும் கார்பன் டை ஆக்சைடை வாங்கிக்கொண்டு, வாயு போன சோடா மாதிரி லேசான அமிலமாகிறது. அந்த அமிலத் தண்ணீர் விரிசல்களில் வருடக்கணக்கில் பாறையோடு உரசிக்கொண்டே கிடக்கிறது. பாறையிலிருந்து கால்சியம் கொஞ்சம், மக்னீசியம் கொஞ்சம், சோடியம் கொஞ்சம், இன்னும் பெயர் தெரியாதவை கொஞ்சம் என்று கழன்று வருகின்றன. சேலத்தை ஒட்டிய வெள்ளைக்கல் மேடுகளே தண்ணீர் செய்த வேலைதான். வெள்ளைக்காரர்கள் அவற்றுக்கு சாக் ஹில்ஸ் என்று பெயர் வைத்துவிட்டார்கள். சாக்பீஸுக்கும் அந்தக் கல்லுக்கும் உறவில்லை. மக்னீசியம் நிறைந்த கரும்பாறையின் விரிசல்களில் கார்பன் டை ஆக்சைடு கலந்த தண்ணீர் ஓடி ஓடி, பாறையை மாற்றி, வெள்ளை நரம்புகளாக மேக்னசைட்டைப் படிய வைத்தது.

அதே தண்ணீரைத்தான் பெரியம்மா அடுப்பில் ஏற்றுகிறார். சூடு ஏறும்போது கார்பன் டை ஆக்சைடு பறந்துவிட, கரைந்திருந்த கால்சியம் கரைசலில் நிற்க முடியாமல் கால்சியம் கார்பனேட்டாகப் பாத்திரத்தில் படிகிறது. நாமக்கல் முட்டையின் ஓடும் பெரும்பாலும் இதே பொருள்தான். அதைக் கழற்ற எலுமிச்சைச் சாறு போதும். ஒரு கரண்டிச் சாற்றைப் பாத்திரத்தில் ஊற்றிப் பத்து நிமிடம் விட்டால் நுரைத்துக்கொண்டு கழன்று வரும். பெரியம்மா பிழியும் எலுமிச்சை உருப்படியாகச் செய்யக்கூடிய வேலை அதுதான் என்று சொல்லிப் பார்த்தேன். முறைத்தார்.

இப்படிக் கருங்கல்லையே கரைக்கிற தண்ணீருக்கு ஒரு சொட்டு நல்லெண்ணெயைக் கரைக்கத் தெரியாது. தண்ணீர் மூலக்கூறுக்கு ஒரு பக்கம் நேர்மின் சாயல், மறுபக்கம் எதிர்மின் சாயல். உப்பும் தாதுக்களும் மின்னூட்டம் கொண்டவை என்பதால் அவற்றைச் சூழ்ந்து இழுத்துவிடும். கொழுப்பில் பிடித்து இழுக்க அப்படிப்பட்ட பிடி எதுவும் இல்லை. எண்ணெய்ச் சட்டியில் வெந்நீர் ஊற்றும்போதும் பிசுக்கு கரைவதில்லை, சூட்டில் இளகி ஓடுகிறது. மிச்சத்தைச் செய்வது சோப்பு. வயிற்றைச் சுற்றியிருக்கும் கொழுப்போ ஏற்கெனவே 37 டிகிரி உடல் சூட்டில் இளகித்தான் இருக்கிறது. குடித்த வெந்நீர் அதைத் தொடுவதும் இல்லை. இரைப்பையில் கொஞ்ச நேரம் நின்று, குடலில் உறிஞ்சப்பட்டு, ரத்தத்தில் கலந்து, மிஞ்சியது சிறுநீரகத்துக்குப் போய்விடும்.

அப்படியானால் இளைத்தவர்களின் கொழுப்பு எங்கே போனது? இந்தக் கேள்வியை ஆஸ்திரேலியாவில் ரூபன் மியர்மன், ஆண்ட்ரூ பிரௌன் என்ற இருவர் மருத்துவர்களிடமும் உணவியலாளர்களிடமும் உடற்பயிற்சிப் பயிற்றுநர்களிடமும் கேட்டுப் பார்த்தார்கள். பெரும்பாலோர் "சக்தியாக மாறிவிடும்" என்றார்கள். சிலர் வியர்வை என்றார்கள், சிலர் மலம் என்றார்கள். 2014-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் இருவரும் கணக்கைப் போட்டுக் காட்டினார்கள். 10 கிலோ கொழுப்பு உடலை விட்டுப் போனால் அதில் 8.4 கிலோ மூச்சுக்காற்றில் கார்பன் டை ஆக்சைடாக வெளியேறுகிறது. மிச்சம் 1.6 கிலோதான் தண்ணீர். அந்த 10 கிலோவை எரிக்க 29 கிலோ ஆக்சிஜனை நாம் உள்ளே இழுக்க வேண்டும். ஏற்காடு மலைப்பாதையில் மூச்சிரைக்க நடப்பவர் தன் தொப்பையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றில் ஊதிவிட்டுக்கொண்டு போகிறார் என்றால் அது அலங்காரப் பேச்சு அல்ல. கொழுப்பு எரியும்போது உள்ளேயே புதிதாகத் தண்ணீர் பிறக்கவும் செய்கிறது. உள்ளே இழுத்த ஆக்சிஜனும் சேர்வதால் 100 கிராம் கொழுப்புக்கு 107 கிராம் தண்ணீர்.

தண்ணீரைச் சூடாக்கவாவது உடல் சக்தியைச் செலவழிக்காதா என்று கேட்கலாம். செலவழிக்கும். பானையில் 27 டிகிரியில் இருக்கும் அரை லிட்டரை 37-க்குக் கொண்டுவர 5 கிலோ கலோரி போதும். ஒரு தேக்கரண்டிச் சர்க்கரை 20 கிலோ கலோரி. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த ஐஸ் தண்ணீர் என்றால் செலவு 17 வரை ஏறும். வெந்நீர் குடித்தால் அந்தச் செலவும் இல்லை, தண்ணீர்தான் உடலுக்குச் சூடு கொடுக்கும். தேனைக் கணக்கில் சேர்த்தால் பெரியம்மாவின் காலை வைத்தியத்தில் வரவுதான், செலவில்லை.

2003-ல் ஜெர்மனியின் பெர்லினில் மைக்கேல் போஷ்மன் குழு 14 பேரை வைத்து ஒரு சோதனை செய்தது. அரை லிட்டர் தண்ணீர் குடித்ததும் உடலின் சக்திச் செலவு 30 சதவீதம் கூடியதாக அறிவித்தார்கள். பத்திரிகைகள் விடுமா? "தண்ணீர் கொழுப்பை எரிக்கிறது" என்று உலகம் முழுக்கச் செய்தி. மூன்றே ஆண்டில் சுவிட்சர்லாந்தின் ஃபிரைபூர் பல்கலைக்கழகத்தில் அதைத் திரும்பச் செய்து பார்த்தார்கள். சாதாரணத் தண்ணீருக்கு அப்படி ஒன்றும் நடக்கவில்லை. 3 டிகிரிக்குக் குளிரவைத்த தண்ணீருக்கு மட்டும் 4.5 சதவீத உயர்வு, அதுவும் ஒரு மணி நேர அளவில். முதல் செய்தி ஊர் ஊராகப் போனது. இரண்டாவது ஆய்விதழிலேயே நின்றுவிட்டது.

இதையெல்லாம் படித்துவிட்டு எடை விஷயத்தில் தண்ணீருக்கு வேலையே இல்லை என்று முடிவுகட்டினால் அதுவும் தவறு. அமெரிக்காவின் வர்ஜீனியாவில் 55 வயதைத் தாண்டிய 48 பேரைக் குறைந்த கலோரி உணவில் வைத்து, பாதிப் பேரைச் சாப்பாட்டுக்கு முன் அரை லிட்டர் தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள். 12 வாரத்தில் தண்ணீர் குடித்தவர்கள் சுமார் 2 கிலோ கூடுதலாக இளைத்தார்கள். அது 2010. இங்கிலாந்தின் பர்மிங்காமில் 2015-ல் 84 பேரிடம் செய்ததில் வித்தியாசம் 1.3 கிலோ. எரித்ததால் அல்ல, இரைப்பையில் இடத்தை அடைத்ததால் இருக்கலாம். சின்னப் பயன்தான், ஆனால் காசில்லாமல் கிடைக்கிற பயன். இதைவிடப் பெரியது, தண்ணீர் எதனுடைய இடத்தைப் பிடிக்கிறது என்பது. ஒரு நாளைக்கு ஐந்து டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டிச் சர்க்கரை என்றால் 200 கிலோ கலோரி. அதில் மூன்று டீக்குப் பதிலாக வெறும் தண்ணீர் குடித்தால் பெர்லின் சோதனை தேவையே இல்லை.

தண்ணீர் அதிகம் குடிப்பவர்கள் ஒல்லியாக இருக்கிறார்களே என்று கண்ணில் பட்டதை வைத்து வாதிடுபவர்கள் ஒரு நாள் நாமக்கல் கோழிப் பண்ணைக்குப் போய் வரலாம். முட்டைக் கோழி நாளொன்றுக்கு 100, 110 கிராம் தீவனம் தின்னும். குடிப்பது எடையில் அதைப் போல இரு மடங்கு. சித்திரை வெயிலில் தண்ணீர்க் கணக்கு அதற்கும் மேலே ஏறும், தீவனம் இறங்கும், முட்டை ஓடு மெலியும். தண்ணீர் குடித்து வயிறு நிறைந்ததால் தீனி குறைந்தது என்று எந்தப் பண்ணைக்காரரும் சொல்லமாட்டார். இரண்டையும் செய்வது வெயில். கோழி குடிக்கும் குழாயின் நிப்பிளில் உப்புப் படிந்து தண்ணீர் அடைத்துக்கொண்டால் கோழி தீவனத்தையும் தொடாது. மனிதர் விஷயத்திலும் பாட்டிலோடு திரிகிறவர் நடக்கிறார், பஜ்ஜியைத் தள்ளி வைக்கிறார், இரவில் நேரத்தோடு தூங்குகிறார். பேர் மட்டும் தண்ணீருக்குப் போகிறது.

எனக்கு மிகவும் பிடித்த சோதனை வேறு. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பார்பரா ரோல்ஸ் 1999-ல் செய்தது. 24 பெண்களுக்கு மதியச் சாப்பாட்டுக்கு முன்னதாக ஒரே அளவு கோழிக்கறிச் சோறு. ஒரு நாள் அப்படியே, இன்னொரு நாள் பக்கத்தில் ஒரு பெரிய தம்ளர் தண்ணீரோடு, மற்றொரு நாள் அதே தண்ணீரை அதே சோற்றில் கலந்து சூப்பாக. பிறகு மதியச் சாப்பாட்டில் யார் எவ்வளவு சாப்பிடுகிறார்கள் என்று பார்த்தார்கள். தம்ளரில் குடித்த தண்ணீர் எந்த வித்தியாசமும் செய்யவில்லை. சூப் குடித்த நாளில் மட்டும் சுமார் 100 கிலோ கலோரி குறைவாகச் சாப்பிட்டார்கள். தண்ணீர் அதே தண்ணீர், அளவும் அதே அளவு. தனியாகக் குடித்தால் இரைப்பையை விட்டுச் சீக்கிரம் இறங்கிவிடுகிறது. உணவோடு பிணைந்தால் இறங்க நேரமாகிறது, வயிறும் நிறைந்ததாக நினைத்துக்கொள்கிறது.

படித்ததும் எனக்குக் கம்பங்கூழ்தான் நினைவுக்கு வந்தது. கோடையில் சேலத்துச் சாலையோர வண்டிகளில் மண்பானையில் கரைத்து வைத்திருப்பார்கள். ஒரு சொம்பு கூழுக்குள் கம்பு கைப்பிடி அளவுதான் இருக்கும், மிச்சமெல்லாம் தண்ணீரும் மோரும். சின்ன வெங்காயத்தையும் மோர் மிளகாயையும் கடித்துக்கொண்டு அதைக் குடித்தவர் பொழுது சாயும் வரை சாப்பாட்டைப் பற்றிப் பேசமாட்டார். களி, கஞ்சி, ரசம் என்று தண்ணீரைச் சாப்பாட்டுக்குள்ளேயே ஏற்றிவிடும் சமையல் நம்முடையது. வெந்த சோற்றிலேயே பத்தில் ஏழு பங்கு தண்ணீர். அதை விட்டுவிட்டு பரோட்டா தின்று பக்கத்தில் பாட்டில் தண்ணீர் குடிப்பது ரோல்ஸின் இரண்டாவது நாள் கதைதான்.

எட்டு தம்ளர் விதியும் இந்த மறதியில் பிறந்ததுதான். 1945-ல் அமெரிக்க உணவு, ஊட்டச்சத்து வாரியம் பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு இரண்டரை லிட்டர் தண்ணீர் வேண்டும் என்று எழுதியது. அதில் பெரும்பகுதி சமைத்த உணவிலேயே இருக்கிறது என்று அடுத்த வரியில் எழுதியதை உலகம் படிக்கவில்லை. 2002-ல் ஹைன்ஸ் வால்ட்டின் என்ற சிறுநீரக ஆய்வாளர் எட்டு தம்ளருக்கு ஆதாரம் உண்டா என்று தேடிப் பார்த்துவிட்டுக் கையை விரித்தார். 2022-ல் சயன்ஸ் இதழில் வந்த ஆய்வு, பச்சைக் குழந்தை முதல் 96 வயதுக் கிழவர் வரை இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளின் 5,604 பேர் உடலில் தண்ணீர் வந்து போகும் அளவைக் கணக்கிட்டது. ஆளுக்கு ஆள், வேலைக்கு வேலை, வெயிலுக்கு வெயில் மாறுகிறது. எல்லோருக்கும் பொதுவான ஓர் எண் அதில் கிடைக்கவில்லை. ரத்தத்தின் உப்புச் செறிவு 1, 2 சதவீதம் கூடினாலே மூளை தாகத்தைக் கிளப்பிவிடும். வயதானவர்களுக்கு அந்த உணர்வு மங்கும் என்பதால் அவர்களுக்கு மட்டும் நாம்தான் தம்ளரை நீட்ட வேண்டும். இதய நோய், சிறுநீரகச் செயலிழப்பு உள்ளவர்கள் டாக்டர் சொன்ன அளவைத் தாண்டக் கூடாது.

தண்ணீரின் உண்மையான வேலை நடக்குமிடம் சிறுநீரகம். நாளொன்றுக்கு சுமார் 180 லிட்டரை அது வடிகட்டி, ஒன்றரை, இரண்டு லிட்டர் தவிர மற்றதையெல்லாம் திருப்பி எடுத்துக்கொள்கிறது. அந்த ஒன்றரை லிட்டருக்குள் அன்றைய கழிவு உப்புகள் அனைத்தும் கரைந்து நிற்க வேண்டும். நிற்க முடியாதபோது கல். பனங்கற்கண்டு எடுப்பதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். பாகைக் கெட்டியாகக் காய்ச்சிப் பானையில் ஊற்றி, நூலைத் தொங்கவிட்டு வைப்பார்கள். நாள் போகப் போக நூலைச் சுற்றிக் கற்கண்டு விளையும். பாகு நீர்த்துப் போயிருந்தால் எத்தனை நாள் வைத்தாலும் விளையாது.

"போர் தண்ணி குடிச்சாக் கல்லு வரும்" என்று நம் பக்கம் ஒரு நம்பிக்கை உண்டு. பாத்திரத்தில் படியும் வெள்ளையைப் பார்த்து வந்த நம்பிக்கை. சிறுநீரகக் கற்களில் பெரும்பாலானவை கால்சியம் ஆக்சலேட். ஆனால் அமெரிக்காவில் 45,000-க்கும் மேற்பட்ட ஆண்களைப் பின்தொடர்ந்து 1993-ல் வெளியிட்ட ஆய்வில், உணவில் கால்சியம் அதிகம் எடுத்தவர்களுக்குத்தான் கல் குறைவாக வந்திருந்தது. கால்சியம் குடலிலேயே ஆக்சலேட்டைக் கட்டிப்போட்டு வெளியேற்றிவிடுகிறது. இத்தாலியில் போர்கி குழு, முதல் தடவை கல் வந்த 199 பேரை ஐந்து ஆண்டு கவனித்து 1996-ல் முடிவைச் சொன்னது. இரண்டு லிட்டருக்குக் குறையாமல் சிறுநீர் போகும்படி தண்ணீர் குடித்தவர்களில் 12 சதவீதம் பேருக்குத்தான் கல் திரும்ப வந்தது. வழக்கம்போல் இருந்தவர்களில் 27 சதவீதம். தண்ணீர் என்ன செய்யும் என்று கேட்டால் நான் காட்டும் எண்கள் இவைதான்.

நம் சமவெளியில் தண்ணீர் குடிப்பதைக் குறைப்பது அறியாமையால் மட்டும் நடப்பதில்லை. நாமக்கல் லாரி டிரைவர் வண்டியை ஓரம்கட்ட முடியாத நேரத்தை நினைத்துக் குடிப்பதைக் குறைக்கிறார். தறிக் கொட்டகைப் பெண்கள் கழிப்பறை இருக்கும் லட்சணத்தை நினைத்துக் குறைக்கிறார்கள். சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவன ஆய்வாளர்கள் தென்னிந்திய எஃகு ஆலை ஒன்றில் செய்து 2020-ல் வெளியிட்ட ஆய்வில், அனல் மிகுந்த பகுதியில் வேலை பார்த்தவர்களிடம்தான் சிறுநீரகக் கோளாறுகள் மிகுந்திருந்தன. தண்ணீர் குடிக்க நினைவூட்டிக் கேரளப் பள்ளிகளில் 2019-ல் அடிக்கத் தொடங்கிய "தண்ணீர் மணி" 2025-ல் தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கும் வந்தது. நல்லது. மணி அடித்துக் குடித்த பிள்ளைகள் போவதற்குச் சுத்தமான கழிப்பறையும், அதில் தண்ணீரும் இருந்தால் இன்னும் நல்லது.

கடைசியாகப் பாறைக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. தண்ணீர் கரைத்துக்கொண்டு வரும் பொருட்களில் ஒன்றை நாக்கால் கண்டுபிடிக்கவே முடியாது. அது ஃப்ளோரைடு. ருசியில்லை, வாசனையில்லை, நிறமில்லை. கருங்கல்லில் மின்னும் கருப்பு அபிரகத்திலிருந்தும் வேறு சில கனிமங்களிலிருந்தும் கழன்று வருகிறது. நாம் உப்புத் தண்ணீர், நல்ல தண்ணீர் என்று நாக்கை வைத்துப் பிரிக்கிறோம். ஃப்ளோரைடு இந்தப் பிரிவினையை மதிப்பதில்லை. தண்ணீரில் கால்சியம் நிறைய இருந்தால் அது ஃப்ளோரைடைப் பிடித்து உப்பாகப் படிய வைத்துவிடும். கால்சியம் குறைந்து, சோப்பு நன்றாக நுரைக்கிற ஆழ்துளைத் தண்ணீரில்தான் ஃப்ளோரைடு தாராளமாகக் கரைந்து நிற்கும்.

இந்தியாவில் ஃப்ளோரைடு நோய் முதலில் மருத்துவ இதழில் பதிவானது 1937-ல், அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர் மாவட்டத்திலிருந்து. பல்லில் பழுப்புக் கோடுகள், பிறகு மூட்டு இறுக்கம், முற்றினால் முதுகு வளைவு. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்கள் இதில் பட்ட பாட்டுக்குத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே ஃப்ளோரைடு பாதிப்புத் தடுப்பு என்ற சொற்களும் சேர்ந்தன. 2013-ல் திட்டம் திறக்கப்பட்டது. சேலம், நாமக்கல் பகுதிகளிலும் ஃப்ளோரைடு கூடிய கிணறுகள் உண்டு. 1934-ல் கட்டி முடித்த மேட்டூர் அணையிலிருந்து வரும் காவிரித் தண்ணீர் பாறையோடு அதிகம் பழகாதது, அதில் இந்தத் தொல்லை இல்லை. குழாயில் அது வராத நாட்களில் நாம் திரும்புவது போருக்குத்தான்.

இந்தியத் தர நிர்ணயம் லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஃப்ளோரைடை ஏற்கிறது, வேறு வழியில்லாவிட்டால் 1.5 வரை பொறுக்கிறது. அந்த எல்லை குடிக்கும் அளவையும் சேர்த்து யோசிக்க வேண்டியது. 1957-லேயே அமெரிக்காவில் கலகன், வெர்மில்லியன் என்ற இருவர் ஊரின் வெப்பத்தையும் குழந்தைகள் குடிக்கும் தண்ணீரின் அளவையும் இணைத்து, வெயில் ஊருக்குத் தண்ணீரில் ஃப்ளோரைடு குறைவாக இருக்க வேண்டும் என்று கணக்குக் காட்டினார்கள். லிட்டருக்கு 2 மில்லிகிராம் உள்ள போர் தண்ணீரில் இரண்டு லிட்டர் குடிப்பவருக்கு 4 மில்லிகிராம் போகிறது. உடம்பு கரையட்டும் என்று நான்கு லிட்டர் குடித்தால் 8. எவ்வளவு குடிக்கலாம் என்பதற்கு முன்னால் எதைக் குடிக்கிறோம் என்று கேட்க வேண்டிய ஊர் நம்முடையது.

பெரியம்மா இப்போதும் வெந்நீர் வைக்கிறார். தேன் மட்டும் நின்றிருக்கிறது. போன வாரம் ஒரு லிட்டர் பாட்டிலை அதே போர் தண்ணீரில் இரண்டு தடவை அலசி, நிரப்பி, மூடி, என் கையில் கொடுத்தார். நீங்களும் குடிப்பது போர் தண்ணீர் என்றால் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட நீர்ப் பரிசோதனைக் கூடத்துக்கு அப்படி ஒரு பாட்டில் கொண்டுபோங்கள். கரைந்திருக்கும் மொத்த உப்பைச் சொல்லும் டிடிஎஸ் எண்ணோடு நின்றுவிடாமல் ஃப்ளோரைடு எவ்வளவு என்று கேட்டு வாங்குங்கள். துணியில் வடிகட்டினால் ஃப்ளோரைடு போகாது. கொதிக்க வைத்தாலும் போகாது. தண்ணீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடத்தான் செய்யும்.